ஒரே துப்பாக்கி, இரண்டு அட்டை

மில்ஃபோர்க், பென்சில்வேனியா
அக்டோபர் 6, 1991

அன்புள்ள எமிலுக்கு,

நான் நலம். முழங்கால் மட்டும் மழை வருவதை வானொலிக்கு முன்பே எனக்குச் சொல்லிவிடுகிறது. நீ எப்படி இருக்கிறாய்? அரிசோனாவில் வெயில் தணிந்ததா? உட்கார்ந்து சாப்பிடுகிறாயா, இல்லை இன்னும் டப்பாவைத் திறந்து நின்றுகொண்டே தின்கிறாயா?

விஷயத்துக்கு வருகிறேன். நான் ஒரு கைத்துப்பாக்கி வாங்கியிருக்கிறேன். சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

இருபத்திரண்டு கேலிபர். ஒரு தோட்டா போனதும் அடுத்தது தானாக வந்து உட்காரும் ரகம். கருநீலப் பூச்சு பாதி போய்விட்டது, பிடியில் ஒரு கீறல். வயதில் என்னைவிடக் கொஞ்சம்தான் இளையது. ஸ்டஷ் கடையில் கண்ணாடிப் பெட்டியின் அடித்தட்டில் யாரும் சீண்டாமல் கிடந்தது. நம் கிளப்புக்கு இப்போது ஸ்டஷ்தான் தலைவர், தெரியுமல்லவா?

"பெர்னா, இது எதுக்கு உனக்கு? வீட்டுக்குத் திருடன் வர்றானா?" என்றான்.

"திருடன் வந்தா சூப்பு குடுத்து அனுப்பிடுவேன். இது குறி அட்டையில சுட."

"யாரு சுட?"

"உன் கண்ணு முன்னாடி வேற யாரு நிக்கிறா?"

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். மே கடைசி ஞாயிறு, கல்குவாரி மைதானத்தில் ஒரு துப்பாக்கிப் போட்டியை மறுபடியும் நடத்தப்போகிறார்கள். நீ மறந்திருக்க மாட்டாய். ஒரு குடும்பத்தில் இரண்டு பேர், இருவருக்கும் சேர்த்து ஒரே துப்பாக்கி, அதுவும் பழைய சாதாரணத் துப்பாக்கி. ஆலையில் ஸ்டிரைக் நடந்தபோது வீட்டுக்கு ஒன்றுதானே இருந்தது, அப்போது வந்த வழக்கம். இழைத்து இழைத்துச் செய்த பணக்காரத் துப்பாக்கிகளுக்கு அன்று இடமில்லை. அருகருகே இரண்டு அட்டை. ஒருவர் சுட்டு மேசையில் வைக்க, மற்றவர் எடுத்துச் சுட வேண்டும். இரண்டையும் கூட்டி மதிப்பெண்.

பெர்னா, எமில் என்று நம் இரண்டு பெயரையும் கொடுத்துவிட்டேன். ஆலை மூடி நீ போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. என் புருஷன் ஜோவை அடக்கம் செய்தபோதும் நீ வரவில்லை. அதைப்பற்றி நான் அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை, இப்போதும் சொல்லப்போவதில்லை. ஆனால் மே மாதம் நீ என் பக்கத்தில் நிற்கிறாய்.

உன் அக்கா,
பெர்னா


டூசான், அரிசோனா
அக்டோபர் 27

அன்புள்ள பெர்னா அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, பிடிவாதத்துக்கு என்ன கொடுப்பது என்றுதான் தெரியவில்லை.

ஐம்பத்தொன்பது வயதில் துப்பாக்கி! ரொசாலியோவிடம் சொன்னேன். என்னோடு சுடும் நண்பன். "உங்கக்கா கல்யாணமானவங்களா?" என்று கேட்டான்.

பழையது வாங்கியது தப்பில்லை. அட்டைக்கு உன் துப்பாக்கியின் வயது தெரியாது. ஆனால் குழாயை நன்றாகத் துடை. முதல் மாதம் தோட்டா போடாமலேயே பழகு. காலியா என்று இரண்டு முறை பார், சுவரைப் பார்த்து நில், ஒற்றைக் கையால் நீட்டு, இடது கையைக் கோட்டுப் பைக்குள் போடு. விசையை இழுக்காதே, பிழி. எப்போது வெடிக்கும் என்று உனக்கே தெரியக்கூடாது.

ஒரு வேடிக்கை கேள். போன சனிக்கிழமை நான் பக்கத்து ஆளின் அட்டையில் சுட்டுவிட்டேன்! வழக்கம் உனக்குத் தெரியும். அடுத்தவன் அட்டையில் சுட்டவன் அடுத்த வாரம் எல்லோருக்கும் டோனட் வாங்கி வர வேண்டும். வாங்கிப் போனேன், எல்லோரும் தின்றுகொண்டே கேலி செய்தார்கள்.

மே மாதம் இன்னும் தூரத்தில் இருக்கிறது. பார்ப்போம்.

உன் தம்பி,
எமில்


மில்ஃபோர்க்
நவம்பர் 24

அன்புள்ள எமில்,

இங்கே எல்லோரும் சுகம். முதல் பனி விழுந்துவிட்டது. இன்னும் ஒரு வாரத்தில் மான் வேட்டை தொடங்குகிறது, ஊரில் ஒரு ஆம்பிளையும் கையில் நிற்கவில்லை. நீ கம்பளி போட்டுத் தூங்குகிறாய்தானே, பாலைவனத்திலும் ராத்திரி குளிருமாமே?

நீ சொன்ன ஒரு மாதத்துக்கு எனக்குப் பொறுமை இல்லை, பத்து நாள் சுவரைச் சுட்டேன். இப்போது தீயணைப்பு நிலையத்தின் கீழறையில் செவ்வாய்க்கிழமை தோறும் நிஜத் தோட்டா. அங்கே நான் ஒருத்திதான் பெண். பள்ளிக்கூடச் சமையலறையில் இவர்களுக்கெல்லாம் ஒரு காலத்தில் நான் தட்டில் போட்டிருக்கிறேன், அதனால் வாயைக் கொஞ்சம் அடக்கிக்கொள்கிறார்கள். கொஞ்சம்தான்.

துப்பாக்கி சண்டித்தனம் செய்கிறது. சுட்ட தோட்டாவின் கூடு வெளியே போகாமல் புகைக்கூண்டு மாதிரி நட்டுக்கொண்டு நிற்கிறது. துப்பாக்கி மாட்டிக்கொண்டால் இடது கையைத் தூக்கிக் காட்ட வேண்டுமே. நான் தூக்கிக்கொண்டே இருக்கிறேன்.

ஸ்டஷ் சொன்னான்: "பெர்னா, பள்ளிக்கூடத்துல இத்தனை தடவ கை தூக்கியிருந்தா இந்நேரம் நீ டாக்டராயிருப்ப."

"துப்பாக்கி சரியில்லடா."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

வீட்டுக்கு வந்து அழுதேன், எமில். கோபத்தில் வந்த அழுகை. பிறகு முட்டைக்கோஸும் நூடுல்ஸும் வதக்கி ஒரு தட்டு நிறையத் தின்றுவிட்டு, மறுபடியும் சுவரைப் பார்த்து நின்றேன். விட மாட்டேன்.

நீ வருகிறாயா என்று கேட்டதற்குப் 'பார்ப்போம்' என்று எழுதியிருக்கிறாய். அது பதில் இல்லை.

அக்கா பெர்னா


டூசான்
டிசம்பர் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உனக்கு என் கிறிஸ்துமஸ் வாழ்த்து. இந்த வருஷமும் வால்நட் ரொட்டி சுட்டாயா? ஒரு துண்டை எனக்காக நீயே சாப்பிட்டுவிடு.

ஸ்டஷ்ஷிடம் சொல், கூடம் கோணல்தான். தோட்டாவைப் பிடித்திருக்கும் மேகசினின் உதடுகள் வளைந்திருக்கும். பழைய துப்பாக்கியில் முதலில் தளர்வது அதுதான். உன் துப்பாக்கிக்குச் சேரும் மேகசின் ஒன்று இங்கே சந்தையில் கிடைத்தது, இத்துடன் அனுப்புகிறேன். ரொசாலியோதான் பெட்டி பெட்டியாகக் கிளறித் தேடி எடுத்தான். இப்போதெல்லாம் மைதானத்துக்கும் அவன் வண்டியில்தான் போகிறேன். என் வண்டி சும்மா நிற்கிறது, பெட்ரோல் மிச்சம்.

இந்த மாதமும் டோனட் வாங்கினேன். இரண்டு வாரம். பேக்கரிக்காரி என்னைப் பார்த்ததும் பெட்டியை மடிக்க ஆரம்பித்துவிடுகிறாள்!

மணிக்கட்டைத் தளரவிடாதே. அது தளர்ந்தாலும் கூடு மாட்டும்.

எமில்


மில்ஃபோர்க்
ஜனவரி 15, 1992

அன்புள்ள எமில்,

நான் சௌக்கியம். நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுதல்.

உன் மேகசினைப் போட்டேன். அந்தச் செவ்வாய் முழுக்க ஒரு முறைகூட நான் கை தூக்கவில்லை. ஸ்டஷ் என் துப்பாக்கியை வாங்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். "கெழவி சும்மா இல்ல" என்றான். துப்பாக்கியைச் சொன்னானா, என்னைச் சொன்னானா என்று நான் கேட்கவில்லை.

உண்மையைச் சொல்லட்டுமா? உன்னை ஊருக்கு இழுக்கத்தான் இதை வாங்கினேன். இப்போது இதன் மேலேயே ஆசை வந்துவிட்டது. கையை நீட்டினால் ஜோ இல்லாத வீடு, வரி, முழங்கால் எல்லாம் எங்கோ போய்விடுகின்றன. எதிரே கறுப்பு வட்டம், அவ்வளவுதான்.

எனக்குச் சுடச் சொல்லித் தருகிறாய், உன் மதிப்பெண்ணைச் சொல்வதே இல்லை. முன்பெல்லாம் கடிதத்தின் முதல் வரியே அதுதான். உன் டோனட் கதையை மறுபடி படித்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மே மாதம் வருகிறாயா? ஆமாம், இல்லை, இரண்டில் ஒன்று எழுது.

அக்கா


மில்ஃபோர்க்
மார்ச் 8

எமில்,

நீ நலமா? இந்த முறை ஒப்புக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன்.

பிப்ரவரி முழுவதும் உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. இரண்டு முறை போன் செய்தேன், மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

தவக்காலம் தொடங்கிவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் மேலே தீயணைப்புக்காரர்கள் மீன் பொரிக்கிறார்கள், கீழே நாங்கள் செவ்வாயோடு இப்போது வெள்ளியும் சுடுகிறோம். வீட்டுக்கு வந்தால் என் கோட்டில் வெடிமருந்தும் எண்ணெயும் சேர்ந்து நாறுகின்றன. போன வாரம் என் அட்டையை ஸ்டஷ் சுவரில் மாட்டினான். உனக்குச் சொல்லத்தான் ஓடி வந்தேன். யாரிடம் சொல்ல?

எழுது.

பெர்னா


டூசான்
மார்ச் 29

அன்புள்ள அக்காவுக்கு,

எழுத்து பெரிது பெரிதாக இருக்கிறதே என்று பார்க்காதே. இப்படி எழுதினால்தான் எனக்குத் தெரிகிறது.

உடம்பு நலம். கண்தான் நலமில்லை. நடுவில் ஒரு கறை, இரண்டு கண்ணிலும். எதை நேராகப் பார்க்கிறேனோ அது மறைந்துவிடும். உன் முகத்தைப் பார்த்தால் காது தெரியும், மூக்கு தெரியாது. போனது திரும்பாது, ஓரம் மட்டும் தங்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வண்டி ஓட்டுவதைச் செப்டம்பரிலேயே நிறுத்திவிட்டேன். அட்டையில் கறுப்பு வட்டத்தைத் தேடினால் வட்டம் இருக்காது. குத்துமதிப்பாகச் சுட்டேன், அது பக்கத்து அட்டைக்குப் போனது. அதையெல்லாம் உனக்கு வேடிக்கையாக எழுதினேன்.

பிப்ரவரியில் ஒரு நாள் என் தோட்டா பக்கத்து அட்டைக்கும் அடுத்த அட்டைக்குப் போனது. யாரும் சிரிக்கவில்லை. டோனட்டும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு நான் போகவில்லை.

ஜோவின் அடக்கத்துக்கு நான் வராததற்குக் காரணமே கிடையாது. இதற்குக் காரணம் இருக்கிறது. என் பெயரை அடித்துவிடு, அக்கா. அத்தனை பேர் முன்னால், நம் ஊரில், என்னை அப்படி நிற்க வைக்காதே.

எமில்


மில்ஃபோர்க்
ஏப்ரல் 5

அன்புள்ள எமில்,

உன் கடிதம் நேற்றுதான் வந்தது. நான் நலம். நீயும் நலம்தான், கண் மட்டும்தான் போயிருக்கிறது. அழுது முடித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்குக் கிறிஸ்துமஸிலேயே தெரியும். ஒரு முறை அடுத்தவன் அட்டையில் சுட்டால் ஞாபக மறதி. எமில் ஹுடாக் மூன்று முறை சுட்டால் அது கண். பதினைந்து வருஷம் இந்த ஊரில் சுட்டவன் ஒரு நாளும் யாருக்கும் டோனட் வாங்கிக் கொடுத்ததில்லையே! நீயாகச் சொல்லட்டும் என்று இருந்தேன். தப்பு செய்தேனோ என்னவோ.

உன் பெயரை அடிக்கவில்லை. ஸ்டஷ்ஷிடம் போனேன்.

"அவனுக்கு நடுவுல தெரியாது, ஓரமா தெரியும். சுட விடுவியா?" என்றேன்.

"ஏம்மா, நான் ரேஞ்சுக்குப் பொறுப்பு. விளையாடுறியா?"

"நீயே அவன் தோள்கிட்ட நில்லு. ஒவ்வொரு தோட்டாவா நீயே போடு. எதிர்ல இருக்கிறது மலை, அதைத் தாண்டி எங்கடா போகும்?"

அவன் தொப்பியைக் கழற்றி மாட்டினான், கழற்றி மாட்டினான். "துப்பாக்கி அட்டைப் பக்கத்த விட்டுத் திரும்பிச்சு, அந்த நிமிஷமே முடிஞ்சுது. சரியா?"

"சரி."

"அவனுக்கு அட்டையே தெரியாதே பெர்னா, எதச் சுடுவான்?"

அதை நானே பார்த்துத் தெரிந்துகொள்ள நினைத்தேன். அதனால் வீட்டுக்கு வந்து என் மூக்குக்கண்ணாடியின் நடுவில் வெண்ணெய் தடவினேன். சிரிக்காதே. எழுந்ததும் கதவு நிலையில் இடித்துக்கொண்டேன். சுவரில் ஒரு அட்டையை ஒட்டிவைத்து, காலித் துப்பாக்கியோடு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். நேரே பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனால் அட்டைக்கு மேலே, கூரை மூலையைப் பார்த்தால், கீழே அட்டை வந்து நிற்கிறது! மங்கலாகத்தான். வெள்ளையில் கறுப்புப் பொட்டு. ஆனால் நிற்கிறது.

நீயும் அதைச் செய்து பார். குறியைப் பார்க்காதே, குறிக்குப் பக்கத்தில் பார்.

அவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். சிரிக்கிறவனுக்கு நான் ஒரு காலத்தில் மூக்கு துடைத்துவிட்டிருப்பேன்.

அக்கா பெர்னா


டூசான்
ஏப்ரல் 26

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கண்ணாடியைக் கழுவிவிட்டாயா? நீ மனுஷியா, இல்லை வேறு ஏதாவதா?

உன் கடிதத்தை ரொசாலியோ படித்துக் காட்டினான். வெண்ணெய் வந்த இடத்தை அவன் இரண்டு முறை படித்தான். மறுநாளே என்னை வெளியே இழுத்துக்கொண்டு போனான். முதலில் எரிச்சல்தான் வந்தது. கண் தானாக நடுவுக்கு ஓடுகிறது, பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. இந்த வயதில் கண்ணுக்குப் புதுப்பழக்கம் கற்றுக்கொடுப்பது கழுதைக்கு நடனம் கற்றுக்கொடுப்பது மாதிரி. ஆனால் நேற்று, வேலிக் கம்பத்தின் உச்சியைப் பார்த்தபோது, கீழே அட்டை வந்து நின்றது.

ஐந்து தோட்டாவில் ஒன்று அட்டையில் பட்டது, அக்கா. ஒன்று!

வருகிறேன். ரொசாலியோ விமானம் ஏற்றிவிடுகிறான், நீ இறக்கிக்கொள். ஒரே நிபந்தனை. என் அட்டையை எனக்காக வேறு யாரும் சுடக்கூடாது, நீயும்தான். எது விழுகிறதோ அது விழட்டும்.

எமில்


டூசான்
ஜூன் 8

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். நீ கட்டிக் கொடுத்த வால்நட் ரொட்டி வீடு வரை வரவில்லை. உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

போட்டியைப் பற்றி உன்னிடம் கேட்க ஒன்று இருக்கிறது. அன்று எனக்கு உறைக்கவில்லை, விமானத்தில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது.

நமக்கு வரிசையின் இடது கோடியில் இடம் கிடைத்தது. கோடியில் மண்மேடு, அதன் மேல் மரம், மரத்தடியில் நிழல். வழக்கப்படி இரண்டு பேரில் மூத்தவர்தான் நிழலில் நிற்க வேண்டும், இளையவர் வெயிலில். ஸ்டஷ்கூடச் சொன்னான், "பெர்னா, நிழல் உன்னோடது." நீ என்ன சொன்னாய்? "என் முழங்காலுக்கு வெயில் வேணும். அவன் நிக்கட்டும் அங்க." நானும் நம்பிவிட்டேன். அக்காவுக்கு வயதாகிவிட்டது என்று மனதில் நினைத்தும் கொண்டேன்.

நீ சுட்டுத் துப்பாக்கியை மேசையில் வைப்பாய். நான் எடுப்பேன், ஸ்டஷ் ஒவ்வொரு தோட்டாவாகப் போடுவான். பிடியில் உன் கைச்சூடு இருக்கும். என் வாழ்நாளில் எத்தனையோ நல்ல துப்பாக்கி பிடித்திருக்கிறேன், அந்தப் பழையதைப்போல ஒன்றைப் பிடித்ததில்லை.

பத்துத் தோட்டா சுட்டேன். ஸ்டஷ் அட்டைகளைக் கொண்டுவந்து மேசையில் போட்டபோது வரிசையே வாயை மூடிக்கொண்டது. என் அட்டையில் நான்கு ஓட்டை. ஒன்று எதிரே மலையில். உன் அட்டையில் பதினைந்து.

எது உன்னுடையது, எது என்னுடையது என்று பிரிக்க முடியாது, ஒரே துப்பாக்கிதானே. பத்துக்கு மேல் ஓட்டை இருந்தால் மோசமான பத்தைத்தான் கணக்கில் எடுப்பார்கள். உன் நடுவட்டத்து ஓட்டைகளில் மிக நல்ல ஐந்து போயின. குளிர்காலம் முழுக்க நீ நின்று சம்பாதித்தது. நாம் கடைசி.

நான் செத்துவிடலாமா என்று நின்றபோது நீ கத்தினாய்: "அஞ்சு தடவ! எல்லாருக்கும் அஞ்சு வாரம் டோனட்! எழுதி வெச்சுக்கோ ஸ்டஷ், இவன் ஓடிப்போறதுக்குள்ள!" அப்புறம்தான் வரிசை முழுவதும் சிரித்தது. டூசானில் யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்காமல் போன அந்த நாளிலிருந்து எனக்கு அந்தச் சத்தம்தான் வேண்டியிருந்தது. எனக்கே தெரியவில்லை, உனக்குத் தெரிந்திருந்தது.

இப்போது கேட்கிறேன். வழக்கப்படி நீ நிழலில் நின்று, நான் வெயிலில் நின்றிருந்தால், எனக்கு வலது பக்கம் வேறொரு குடும்பத்தின் அட்டை இருந்திருக்கும். என் தோட்டா எப்போதும் வலது பக்கம்தான் இழுக்கும், அதை ஏர்போர்ட்டிலிருந்து வரும்போதே நான் உளறியிருந்தேன். அந்த ஐந்தும் அந்நியர் அட்டையில் போய் விழுந்திருக்கும்.

என்னை மேட்டோரம் நிறுத்திவிட்டு, எனக்கும் ஊருக்கும் நடுவே உன் அட்டையை வைத்தாய். முழங்காலுக்கு வெயில் வேண்டும் என்றது பொய்தானே?

எமில்


மில்ஃபோர்க்
ஜூன் 16

அன்புள்ள எமில்,

நான் நலம். முழங்கால் நலமில்லை. அந்த வெயிலில் நின்றதில் இரண்டு நாள் படுத்தே இருந்தேன்.

பொய்தான். இதைக் கண்டுபிடிக்க உனக்கு ஒரு விமானம் தேவைப்பட்டிருக்கிறது. சின்ன வயதிலும் நீ இப்படித்தான், எல்லாம் நிதானமாக உறைக்கும்.

என் மதிப்பெண் போனதில் எனக்கு வருத்தமே இல்லை என்று எழுதினால் அது இன்னொரு பொய். ஒரு மணி நேரம் உன்மேல் கொலைவெறியில் இருந்தேன். என் பத்து ஓட்டையையும் ஓர் உள்ளங்கையால் மூடிவிடலாம், அப்படிச் சுட்டிருந்தேன். பிறகு பின்சீட்டில் நீ அந்த நான்கு ஓட்டை அட்டையை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஓட்டையாக விரலை விட்டுத் தடவிக்கொண்டிருந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். கோபம் போய்விட்டது. அப்படியே வண்டியை ஓரம் கட்டி உன்னைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. ஹுடாக் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லாததால் தொடர்ந்து ஓட்டினேன்.

நிற்க. செவ்வாய்க்கிழமை துப்பாக்கியைப் பிரித்து எண்ணெய் போட்டேன். இன்னும் பல வருஷம் ஓடும். ஸ்டஷ் உன் டோனட் கணக்கைக் கரும்பலகையில் எழுதி வைத்திருக்கிறான், ஒரு பெட்டிகூட இன்னும் வந்து சேரவில்லை என்று ஊரே பேசுகிறது. ஜோவின் அறையைக் காலி செய்து வெள்ளை அடித்துவிட்டேன். ஜன்னலோரம் கட்டில் போட்டிருக்கிறேன்.

அக்டோபரில் தீயணைப்பு நிலையத்துக் கீழறையில் மறுபடி தொடங்குகிறார்கள். அங்கே முதல் இடம் இடது சுவரை ஒட்டி இருக்கிறது. அதை உன் பெயரில் கேட்டு வாங்கிவிட்டேன். இரண்டாவது இடம் என்னுடையது.

உன் அக்கா,
பெர்னா